டீசர், ட்ரெய்லர், ஸ்னீக் பீக்: எதை எப்போது விடுவது, எப்படி வெட்டுவது?

நல்ல ஷாட்களையெல்லாம் அள்ளி ஒரே வீடியோவில் கொட்டும் ஆசையை முதலில் அடக்குங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலைதான். இப்படி ஒரு படம் வருகிறது என்று சொல்வது கிளிம்ப்ஸ். எந்த மாதிரிப் படம் என்று உணர்த்துவது டீசர். டிக்கெட் வாங்க வைப்பது ட்ரெய்லர்.

கிளிம்ப்ஸுக்கு 30, 45 விநாடி போதும். தலைப்பு அறிவிப்போடோ நாயகன் பிறந்தநாளிலோ விடலாம். டீசர் 60 முதல் 90 விநாடி: களம், ஒரு கதாபாத்திரம், ஒரு வசனம். சி.ஜி. (கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ்) வேலை முடியாத ஷாட்டை மட்டும் இதில் வைக்காதீர்கள். பிறகு சரிசெய்வீர்கள் என்பது பார்க்கிறவருக்குத் தெரியாது. அந்த அரைகுறை ஷாட் மீம் ஆகி, ரிலீஸ் வரை துரத்தும்.

கடினமானது ட்ரெய்லர். இரண்டு, இரண்டரை நிமிடத்துக்குள் முடிய வேண்டும். முதலில் ஷாட்களைத் தொடாமல் வசனங்களை மட்டும் பொறுக்குங்கள். 20, 25 தேறும். அவற்றை எடிட்டிங் மென்பொருளின் டைம்லைனில் ஒலியாக மட்டும் அடுக்கி, கண்ணை மூடிக் கேளுங்கள். யார், என்ன சிக்கல், தோற்றால் எதை இழப்பார் என்ற மூன்றும் விளங்க வேண்டும். அதற்கு உதவாத வசனம் எவ்வளவு பஞ்ச்சாக இருந்தாலும் தூக்கிவிடுங்கள். எட்டு, பத்து மிஞ்சினால் போதும். அதற்குப் பிறகுதான் ஷாட்கள்.

வசனங்களை இடைவேளைக்கு முந்தைய பகுதியிலிருந்தே எடுங்கள். பிற்பாதியிலிருந்து பேச்சில்லாத ஷாட்கள் மட்டும், அதுவும் வரிசையைக் கலைத்து. வில்லன் யார் என்பதே திருப்பம் என்றால் அந்த நடிகர் ஒரு ஃப்ரேமில்கூட வரக்கூடாது. ரசிகர்கள் நிறுத்தி நிறுத்திப் பார்த்து, அன்று மாலையே 'டீகோடிங்' வீடியோ போட்டுவிடுவார்கள்.

பின்னணி இசை வசனத்தை விழுங்குவதுதான் அடிக்கடி நடக்கும் கோளாறு. ஸ்டுடியோ ஸ்பீக்கரில் இது தெரியாது. சாதாரண ஃபோனில், ஹெட்ஃபோன் இல்லாமல் போட்டுக் கேளுங்கள். இசையை ஏற்றிக்கொண்டே போனால் யூடியூப் மொத்த ஒலியையும் தானாக இறக்கிவிடும், வசனமும் சேர்ந்தே தாழும். முக்கியமான வசனத்துக்கு முன் ஒரு விநாடி இசையை முழுக்க நிறுத்திப் பாருங்கள், அந்த வரி தனியாக நிற்கும்.

யூடியூப் விளம்பரமாக ஓட்ட வேறு கட் வேண்டும். 5 விநாடியில் 'ஸ்கிப்' வந்துவிடும். அந்த நேரத்தை நிறுவன லோகோக்களுக்குக் கொடுத்தால் பணம் வீண். வலுவான ஷாட் முதலில், லோகோ கடைசியில்.

ட்ரெய்லரை முன்பதிவு திறப்பதற்கு முன், ரிலீஸுக்கு ஒன்றிரண்டு வாரம் இருக்கும்போது விடுங்கள். பெரிய நட்சத்திரம் இல்லாத படத்துக்கு அதன் பிறகு ஸ்னீக் பீக் நன்றாகவே உதவும். முதல் அரைமணி நேரத்திலிருந்து ஒரு முழுக் காட்சி, வெட்டாமல், இரண்டு நிமிடம். நடிப்பும் எழுத்தும் தரமாக இருந்தால் அதைவிட நேர்மையான விளம்பரம் கிடையாது.

தியேட்டரில் போட ட்ரெய்லருக்கும் தணிக்கைச் சான்றிதழ் வேண்டும், தியேட்டர் ஸ்பீக்கர்களுக்கான 5.1 ஒலிக் கலவையும் (மிக்ஸ்) தனி. இரண்டுக்கும் நாள் ஒதுக்குங்கள். படத்தின் பாடல் உள்ளே இருந்தால் ஆடியோ உரிமை வாங்கிய நிறுவனத்திடம் முன்பே பேசி, எந்தச் சேனலில் ஏற்றுவது என்று முடிவுசெய்யுங்கள். பேசாவிட்டால் சொந்த ட்ரெய்லருக்கே காப்பிரைட் க்ளெய்ம் விழும்.