ஏ, பி, சி இருக்க இசட் புள்ளி எதற்கு? இலங்கையின் க.பொ.த. முறை, படிப்படியாக

க.பொ.த. (கல்விப் பொதுத் தராதரப் பத்திர) உயர்தரப் பெறுபேறு, அதாவது பல்கலைக்கழகத்துக்குப் போக எழுதும் பரீட்சையின் முடிவு, வந்த அன்று அக்காவின் மகள் அச்சிட்ட தாளை என்னிடம் நீட்டினாள். "சின்னம்மா, எனக்கு ஒரு ஏ, இரண்டு பி. என் தோழிக்கு ஒரு ஏ, ஒரு பி, ஒரு சி. பிறகு எப்படி அவளுடைய இசட் புள்ளி என்னுடையதைவிடக் கூடியது?" பதின்மூன்று ஆண்டுகள் பாடசாலைக்குப் போன பிள்ளைக்கு இதை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லையே என்று மனம் வருந்தியது. அவளுக்குச் சொன்ன வரிசையிலேயே இங்கும் எழுதுகிறேன். தரம் 10, 11இல் பிள்ளைகள் உள்ள பெற்றோரும் வாசியுங்கள்.

முதற்படி, சாதாரண தரம். தரம் 11 முடிவில் ஒன்பது பாடங்கள். தாய்மொழி, சமயம், கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம், வரலாறு ஆகிய ஆறும் எல்லோருக்கும் உண்டு. மீதி மூன்றும் தெரிவுப் பாடங்கள். 75 புள்ளியிலிருந்து ஏ, 65இலிருந்து பி, 50இலிருந்து சி, 35இலிருந்து எஸ். அதற்குக் கீழே டபிள்யூ, அதாவது சித்தியில்லை. உயர்தரம் படிப்பதற்கான பொது விதி இது: தாய்மொழி, கணிதம் உட்பட ஆறு பாடங்களில் சித்தி, அவற்றில் மூன்றிலாவது சி அல்லது அதற்கு மேல். இந்தத் தகுதி கிடைக்காத பிள்ளையை வீட்டில் உட்கார வைத்துவிடாதீர்கள். பதின்மூன்று ஆண்டுக் கல்வித் திட்டத்தின் கீழ் தொழிற்பிரிவு இருக்கிறது.

அடுத்து, பிரிவைத் தெரிவு செய்வது. பௌதிக விஞ்ஞானம், உயிரியல் விஞ்ஞானம், வணிகம், கலை, இரண்டு தொழினுட்பப் பிரிவுகள். எதை எடுத்தாலும் பிரதான பாடங்கள் மூன்றுதான். பொறியியலுக்கு இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் வேண்டும். மருத்துவத்துக்கு உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல். பக்கத்து வீட்டுப் பிள்ளை எடுத்ததைப் பார்த்து எடுக்காமல், போக விரும்பும் கற்கைநெறி எந்தப் பாடங்களைக் கேட்கிறது என்று முதலில் பாருங்கள். உயர்தரப் பரீட்சையை மூன்று தடவை எழுதலாம். பல்கலைக்கழகத்துக்குத் தகுதி பெற மூன்று பாடங்களிலும் குறைந்தது எஸ் வேண்டும். எல்லாப் பிரிவினரும் எழுதும் பொது வினாத்தாளில் 30 புள்ளியும் வேண்டும். அந்த வினாத்தாளை அலட்சியமாக விட்டுவிடாதீர்கள்.

இனி இசட் புள்ளி. 2001ஆம் ஆண்டு முதல் பல்கலைக்கழக அனுமதி இதை வைத்தே நடக்கிறது. உங்கள் புள்ளியிலிருந்து அந்தப் பாடத்தின் சராசரியைக் கழித்து, நியம விலகலால் (எல்லோருடைய புள்ளிகளும் சராசரியிலிருந்து எவ்வளவு பரந்து கிடக்கின்றன என்று காட்டும் எண்) வகுக்க வேண்டும். கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக நான் எடுத்தவை. ஒரு பாடத்தில் 62 புள்ளி எடுத்திருக்கிறீர்கள், எல்லோருடைய சராசரி 41, நியம விலகல் 14. 21ஐ 14ஆல் வகுத்தால் 1.5. இன்னொரு பாடத்தில் 78, சராசரி 66, நியம விலகல் 12. விடை 1.0. சி எடுத்த பாடம் ஏ எடுத்த பாடத்தை முந்திவிட்டது! மூன்று பாடங்களின் இசட் புள்ளிகளைக் கூட்டி மூன்றால் வகுத்த விடைதான் நான்கு தசம தானங்களோடு பெறுபேற்றில் வரும். தோழியின் பாடங்கள் எவை என்று கேட்டதும் அக்காவின் மகளுக்கே விடை விளங்கிவிட்டது.

ஒரே வினாத்தாளை எழுதியவர்களுக்குள் ஒருவர் எங்கே நிற்கிறார் என்பதைத்தான் இந்த எண் சொல்கிறது. 2011 உயர்தரத்தில் பழைய, புதிய பாடத்திட்டங்களில் எழுதியவர்களைச் சேர்த்துக் கணித்தபோது பெரும் குழப்பம் வந்தது. 2012இல் உயர் நீதிமன்றம் தலையிட்ட பின்னரே தனித்தனியாகக் கணித்தார்கள். எத்தனை பிள்ளைகளின் இரவுத் தூக்கம் அதில் போயிருக்கும்!

பெறுபேற்றுத் தாளில் இசட் புள்ளியோடு மாவட்ட நிலை, தீவு நிலை என்று இரண்டு எண்கள் இருக்கும். இரண்டுமே தேவை. பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 சதவீத இடங்கள் முழுத் தீவுக்கும் திறமை அடிப்படையில் போகின்றன. 55 சதவீதம் 25 மாவட்டங்களுக்கும் சனத்தொகைக்கு ஏற்பப் பகிரப்படுகிறது. மீதி 5 சதவீதம் முல்லைத்தீவு, மன்னார், நுவரெலியா போன்ற கல்வி வசதி குறைந்த 16 மாவட்டங்களுக்கு. அதனால்தான் வெட்டுப்புள்ளி, அதாவது இடம் கிடைக்கத் தேவையான ஆகக் குறைந்த இசட் புள்ளி, மாவட்டத்துக்கு மாவட்டம் வேறுபடுகிறது. கொழும்பில் இடம் கிடைக்காத புள்ளிக்கு மன்னாரில் கிடைக்கலாம். நல்ல ஆய்வுகூடமே இல்லாத பாடசாலையில் படித்த பிள்ளையை நினைத்தால் இந்த ஏற்பாடு எனக்கு நியாயமாகவே படுகிறது.

கடைசிப் படி விண்ணப்பம். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஆண்டுதோறும் வெளியிடும் கைநூலில் ஒவ்வொரு கற்கைநெறிக்கும் ஒரு குறியீடு இருக்கும். அவற்றை விருப்ப ஒழுங்கில் நிரப்ப வேண்டும். "கிடைக்காது" என்று பயந்து பிடித்ததைக் கீழே போடுகிறார்கள் பலர். அது தவறு. மேலே இருப்பது கிடைக்காவிட்டால் அடுத்ததைப் பார்ப்பார்கள். மேலே போட்டதால் கீழே உள்ளது கைநழுவாது. அக்காவின் மகள் தாதியியலை ஆறாவதாக எழுதியிருந்தாள். அதுதான் விருப்பமா என்று கேட்டேன். தலையாட்டினாள். அழித்துவிட்டு முதலாவதாக எழுத வைத்தேன்.