பத்து மீட்டர் ஏர் ரைஃபிளை உடம்புக்குப் பொருத்தும் முறை

போட்டிக்கான ஏர் ரைஃபிளைப் பெட்டியிலிருந்து எடுத்தால், அது முடிந்த பொருளாக இராது. குழலும் காற்று உருளையும் ஓர் அலுமினியச் சட்டத்தில் அமர்ந்திருக்கும். தோளில் பதியும் பட் பிளேட், கன்னம் சாயும் சீக் பீஸ், வலக்கை பற்றும் கிரிப், இடக்கை தாங்கும் ஹேண்ட் ரெஸ்ட், குறிபார்க்க முன்னும் (ஃப்ரண்ட்) பின்னும் (ரியர்) உள்ள சைட்கள், சிறு எடைக்கட்டிகள் என மற்ற ஒவ்வொன்றும் திருகைத் தளர்த்தினால் நகரும்படியோ திரும்பும்படியோ அமைந்திருக்கும். தொழிற்சாலையில் எல்லாவற்றையும் நடுவாக்கில் வைத்து அனுப்புகிறார்கள், அந்த நடு அளவு பெரும்பாலும் யாருக்கும் பொருந்துவதில்லை. புதிதாக வாங்கியவர் துப்பாக்கியைத் தூக்கிப் பிடித்து, அதற்கேற்பக் கழுத்தை வளைத்துத் தோளை உயர்த்திச் சுடத் தொடங்குவது சட்டையைத் தைத்துவிட்டு அதற்கு ஆள் தேடுவதைப் போன்றது. உடம்பு முதலில் நிற்க வேண்டும், துப்பாக்கி அதனிடம் வந்து சேர வேண்டும். அதற்கு எந்தத் திருகை முதலில் தொடுவது, எதைக் கடைசிக்கு விடுவது என்ற வரிசைதான் முக்கியம். வலக்கைப் பழக்கம் உள்ளவரை மனத்தில் கொண்டு இதை எழுதுகிறேன். இடக்கைக்காரர் மாற்றிப் படித்துக்கொள்ளலாம்.

இவ்வளவு நுணுக்கம் தேவைதானா என்று கேட்பவர் இலக்கு அட்டையின் அளவைப் பார்க்க வேண்டும். பத்து மீட்டர் தொலைவில் தொங்கும் அட்டையில் கறுப்பு வட்டத்தின் விட்டம் 30.5 மி.மீ.; அதன் நடுவிலுள்ள பத்துப் புள்ளி வெறும் 0.5 மி.மீ. அளவுள்ள ஒரு வெள்ளைப் பொட்டு. 4.5 மி.மீ. பெல்லட்டின் (ஈயக்குண்டின்) மையம் அட்டையின் மையத்திலிருந்து 2.5 மி.மீ.க்குள் விழுந்தால்தான் பத்து. பத்தை 10.0 முதல் 10.9 வரை பிரிக்கும் தசமக் கணக்கில் ஒவ்வொரு 0.1 புள்ளிக்கும் கால் மில்லிமீட்டர் இடம். 2008ஆம் ஆண்டு பெய்ஜிங் ஒலிம்பிக் இறுதிச் சுற்றின் கடைசிச் சுடுதலில் அபினவ் பிந்த்ரா எடுத்த 10.8 என்பது, மையத்திலிருந்து அரை மில்லிமீட்டருக்குள் பெல்லட் சென்றதைக் குறிக்கிறது. தோள் தசை ஒன்று வேண்டாமல் இறுகியிருந்தால் இந்த அளவெல்லாம் கைநழுவிப் போகும்.

வரம்புகளையும் தெரிந்துகொண்டு தொடங்குவது நல்லது. சர்வதேச விதிப்படி துப்பாக்கியின் மொத்த எடை, சைட்கள் உட்பட, 5.5 கிலோவைத் தாண்டக் கூடாது. இந்தியாவில் 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகள், குழல்துளை 4.5 மி.மீ.க்கும் வெளிவரும் ஆற்றல் 20 ஜூலுக்கும் உட்பட்ட காற்றுத் துப்பாக்கிகளுக்கு உரிமத்திலிருந்து விலக்கு அளிக்கின்றன; அரை கிராமுக்குச் சற்று மிகுந்த பெல்லட்டை நொடிக்கு ஏறத்தாழ 170 மீட்டர் வேகத்தில் அனுப்பும் போட்டித் துப்பாக்கி அந்த வரம்பில் பாதியைக்கூட எட்டாது. அதற்காக அது விளையாட்டுப் பொம்மை ஆகிவிடாது, கண்ணைப் பறிக்க அந்த வேகம் தாராளம். ஆகவே எந்தத் திருகைத் தொடுமுன்பும் குழலில் பெல்லட் இல்லை என்பதைக் கண்ணால் பார்த்து, பெல்லட் இடுவதற்கான லோடிங் லீவரைத் திறந்து வைத்து, குழல் முழுவதும் ஓடி இரு முனையிலும் வெளியே தெரியும் பளிச்சென்ற நிறப் பாதுகாப்பு இழையைச் செருகிவிட வேண்டும். குழல்வாய் எப்போதும் இலக்கின் பக்கமே இருக்க வேண்டும்.

இனி நிற்கும் நிலை. துப்பாக்கியைத் தொடாமல், போட்டி ஜாக்கெட்டும் காலணியும் அணிந்து, இலக்குக்கு இடப்பக்கத்தைக் காட்டி நில்லுங்கள். பாதங்கள் தோள் அகலத்துக்கு விரிந்திருக்கட்டும், முழங்கால்கள் விறைக்காமல் நேராக இருக்கட்டும். இடுப்பின் இடப்பக்கத்தை இலக்கை நோக்கி மெல்ல நகர்த்தி, மேலுடலைச் சிறிது பின்னுக்குச் சாய்த்தால் இட முழங்கை இடுப்பெலும்பின் மேலோ அதையொட்டிய விலாவிலோ தானாக அமரும். துப்பாக்கியின் எடை கையிலிருந்து முழங்கைக்கும், அங்கிருந்து இடுப்புக்கும், இடக்காலுக்கும் எலும்பு வழியாக இறங்க வேண்டும். தசை தூக்கிப் பிடித்தால் பத்தாவது சுடுதலிலேயே கை நடுங்கும்; தகுதிச் சுற்றிலோ அறுபது முறை சுட வேண்டும். ஜாக்கெட் இல்லாமல் அளவு பார்த்துவிட்டுப் பிறகு ஜாக்கெட் அணிபவர்கள் எல்லா அளவுகளையும் மறுபடி மாற்ற வேண்டியிருக்கும், ஏனெனில் தடித்த துணி தோளிலும் விலாவிலும் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. ஆகவே இரவல் ஜாக்கெட்டில் அளவு பார்ப்பதை நான் பரிந்துரைப்பதில்லை.

இந்த நிலையில் இடக்கையை முட்டியாகவோ விரல்களை நிறுத்தியோ உயர்த்தி, அதன் மேல் துப்பாக்கியை வைத்துப் பார்க்க வேண்டும். தலையைத் தாழ்த்தாமல் நேராகப் பார்க்கும்போது சைட்கள் கண்ணுக்குக் கீழே இருந்தால், ஹேண்ட் ரெஸ்ட்டைக் கீழ்நோக்கி இறக்க வேண்டும். அப்போது துப்பாக்கி உயரும். நீண்ட கழுத்துடையவருக்கும் குட்டையான கை உள்ளவருக்கும் இந்த இறக்கம் கூடுதலாகத் தேவைப்படும், அதற்கும் விதியில் உச்ச அளவு உண்டு என்பதால் போட்டிக்கு முன் கருவிப் பரிசோதனையில் அளந்துகொள்ளலாம். ஹேண்ட் ரெஸ்ட்டை முன்னோ பின்னோ நகர்த்துவது முழங்கை இடுப்பில் எங்கே அமர்கிறது என்பதைப் பொறுத்தது.

அடுத்தது பட் பிளேட். அதன் நீளம் சரியாக இருந்தால், கிரிப்பைப் பற்றிய வலக்கை விரல் ட்ரிக்கரைத் தொடுவதற்காகத் தோளை முன்தள்ள வேண்டியிராது, பின்னிழுக்கவும் வேண்டியிராது. நீளம் மிகுந்தால் உடல் பின்னுக்கு வளைந்து துப்பாக்கி முன்னே சாயும். குறைந்தால் முகம் ரியர் சைட்டில் இடிக்கும். உயரத்தைப் பொறுத்தவரை, பட் பிளேட்டைக் கீழே இறக்கினால் துப்பாக்கி முகத்தை நோக்கி உயரும், மேலேற்றினால் தாழும். துப்பாக்கியை ஒவ்வொரு முறை தூக்கும்போதும் தோளில் ஒரே குழியில் அது பதிகிறதா என்று பார்க்க, ஜாக்கெட்டில் பதியும் விளிம்பைச் சுண்ணக்கட்டியால் குறித்துக்கொண்டு பத்து முறை தூக்கி இறக்கினால் போதும். கோடுகள் சிதறினால் வளைவைத் திருத்த வேண்டும்.

சீக் பீஸில்தான் அதிகப் பொழுதைச் செலவிடச் சொல்வேன். இதைத் தவறாக வைத்துவிட்டு சைட்டைக் குறைசொல்பவர்கள் ஏராளம். துப்பாக்கியை நிலையில் வைத்து, கண்களை மூடி, தலையின் எடை முழுவதையும் சீக் பீஸின் மேல் தளர்வாக விடுங்கள். இரண்டு மூச்சு கழித்துக் கண்ணைத் திறக்கும்போது, ரியர் சைட்டின் சிறு துளைக்குள் ஃப்ரண்ட் சைட்டின் வட்டக்கூடு நடுவில் நிற்க வேண்டும். அதைச் சுற்றித் தெரியும் ஒளிவளையம் எல்லாப் பக்கமும் ஒரே தடிமனாக இருக்க வேண்டும். கூடு துளையின் கீழ்ப்பக்கம் ஒட்டித் தெரிந்தால் கண் தாழ்வாக இருக்கிறது, சீக் பீஸை உயர்த்த வேண்டும். இடப்பக்கம் ஒட்டினால் கண் இடப்புறம் நிற்கிறது, சீக் பீஸை வலப்புறம் நகர்த்தி முகத்தை உள்ளே வர விட வேண்டும். ஒரு முறைக்கு அரைச் சுற்றுக்கு மேல் திருக வேண்டாம். கண்ணைத் திறந்தபடி இதைச் செய்தால் கழுத்துத் தசை நமக்குத் தெரியாமலே பிழையைச் சரிசெய்து நம்மை ஏமாற்றிவிடும். கண்ணுக்கும் ரியர் சைட்டுக்கும் இடையே ஏறத்தாழ 5 செ.மீ. இடைவெளி தொடக்கத்துக்கு ஏற்றது, இமை முடி துளையில் உரசக் கூடாது.

ஃப்ரண்ட் சைட்டின் கூட்டுக்குள் போடும், இலக்கின் கறுப்பு வட்டத்தைச் சூழ்ந்து தெரியும் வளையத்தின் அளவுக்கு ஒரு சிறு கணக்கு உதவும். கண்ணிலிருந்து வளையம் ஒரு மீட்டர் அளவு தள்ளி இருப்பதால், பத்து மீட்டரில் உள்ள 30.5 மி.மீ. வட்டம் அந்த இடத்தில் 3 மி.மீ. போலத் தெரியும். 4 மி.மீ. வளையம் போட்டால் சுற்றிலும் அரை மி.மீ. வெள்ளை கிடைக்கும். சிறிய வளையம் துல்லியத்தைக் கூட்டும் என்று நினைத்து 3.4க்கு இறங்குபவர்கள், வட்டம் விளிம்பைத் தொடும் ஒவ்வொரு அசைவையும் துரத்திச் சரியான கணத்தைத் தவறவிடுகிறார்கள். புதியவருக்குத் தாராளமான வளையமே நல்லது.

இவையெல்லாம் அமைந்த பின் உடல் இயல்பாக எங்கே குறிவைக்கிறது என்று பார்க்க வேண்டும். நிலையில் நின்று, கண்மூடி, மூச்சை மெல்ல விட்டுக் கண்ணைத் திறக்கும்போது வளையம் இலக்குக்கு வலப்பக்கம் நின்றால், கையால் இழுத்துக் கொண்டுவரக் கூடாது. பின்காலைச் சிறிது நகர்த்தி உடல் முழுவதையும் திருப்ப வேண்டும். எந்தத் திசையில் எவ்வளவு என்பது இரண்டு மூன்று முறை செய்தாலே காலுக்குப் பழகிவிடும், பெரும்பாலும் குதிகாலை ஒரு விரல் அகலம் நகர்த்துவதே போதும். மேல்கீழ்ப் பிழைக்கு ஹேண்ட் ரெஸ்ட்டுக்கோ பட் பிளேட்டுக்கோ திரும்ப வேண்டியிருக்கும். சைட் திருகுகளைத் தொடுவது இதற்குப் பிறகுதான்.

ட்ரிக்கர் இரண்டு கட்டமாக இயங்கும்: முதல் கட்டத்தில் விரல் சற்று நகர்ந்து ஒரு தடையில் நிற்கும், இரண்டாவதில் மெல்லிய அழுத்தத்தில் விடுபடும். ட்ரிக்கர் நாக்கை முன்பின் நகர்த்தி, விரலின் முதல் கணுவின் சதைப்பகுதி அதில் படும்படியும், விரல் நேராகப் பின்னோக்கி மட்டுமே அழுத்தும்படியும் அமைக்க வேண்டும். விரலின் பக்கவாட்டு ஸ்டாக்கில் (துப்பாக்கிச் சட்டத்தில்) உரசினால் ஒவ்வொரு சுடுதலும் ஒரே பக்கம் சாயும். அழுத்தத்தைத் தயாரிப்பாளர் கையேட்டில் சொன்ன எல்லைக்குள்ளேயே மாற்றுங்கள், இறகுபோல் ஆக்கிவிட வேண்டாம், முதல் கட்டத்தைத் தெளிவாக உணர முடிவதே இலகுவை விட மேல். மாற்றிய பின் பெல்லட் இல்லாமல், காற்று விரயமாகாத ட்ரை ஃபயர் முறையில் சுவரை நோக்கிப் பலமுறை அழுத்திப் பார்க்கலாம். விடுபடும் கணத்தில் வளையம் துள்ளினால் பிழை கிரிப்பிலோ நாக்கிலோ இருக்கிறது.

காற்று உருளையைப் பெரும்பாலான துப்பாக்கிகளில் 200 பார் (அழுத்த அலகு) வரை நிரப்பலாம். நிரப்பும் காற்று உலர்ந்ததாக இருக்க வேண்டும். சென்னை, கடலூர் போன்ற கடலோர ஊர்களில் கைப்பம்பில் நிரப்புபவர்கள் ஈரவடிகட்டியைத் தவறாமல் பார்த்துக்கொள்வது நல்லது. ஆக்சிஜன் உருளையிலிருந்து ஒருபோதும் நிரப்பக் கூடாது, இணைப்புகளில் எண்ணெயும் தடவக் கூடாது. இரண்டும் சேர்ந்தால் வெடிக்கும். உருளைகளில் தயாரித்த தேதி பொறித்திருக்கும், தயாரிப்பாளர் குறித்த ஆயுள் முடிந்ததை மாற்ற வேண்டும், அடுத்தவர் விற்கிறார் என்று வாங்கக் கூடாது.

பெல்லட்டைத் தேர்ந்தெடுப்பதற்கு, துப்பாக்கியை அசையாமல் தாங்கியில் பிடித்து வைத்து 4.49, 4.50, 4.51 மி.மீ. தலை அளவுகளில் ஒவ்வொன்றிலும் பத்து சுட்டுப் பார்ப்பதே நேர்மையான வழி. நல்ல பொருத்தத்தில் பத்துத் துளைகளும் ஏறத்தாழ ஒரே துளையாகி, வெளிவிளிம்புக்கு வெளிவிளிம்பு 6 மி.மீ.க்குள் நிற்கும். விலை கூடிய டப்பா எப்போதும் வெல்வதில்லை; குழலுக்குக் குழல் பிடித்தம் மாறும். ஈயத்தைத் தொட்ட கையைக் கழுவாமல் உணவைத் தொட வேண்டாம்.

எடைக்கட்டிகளைக் கடைசியில்தான் போட வேண்டும். முன்புறம் எடை கூடினால் ஊசலாட்டம் மெதுவாகும், ஆனால் முதுகுக்கு வேலை கூடும், ஆகவே ஒரு மணி நேரத்துக்கு மேல் நீளும் சுற்றில் தாங்க முடிகிறதா என்று பார்த்தே சேர்க்க வேண்டும். முடிந்ததும் ஒவ்வொரு அளவுகோலிலும் உள்ள எண்ணைக் குறிப்பேட்டில் எழுதி, அளவுகோல் இல்லாத இடத்தில் மெல்லிய செல்லோ டேப் ஒட்டிக் கோடிட்டுக்கொள்ளுங்கள். ஒரே நாளில் இரண்டு திருகுகளை மாற்றினால் எது நன்மை செய்தது என்று தெரியாது. வளரும் வயதுப் பிள்ளைகளுக்குப் பட் பிளேட்டின் நீளத்தையும் சீக் பீஸின் உயரத்தையும் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை மறுபடி கண்மூடிச் சோதனையிலிருந்தே தொடங்கிப் பார்க்க வேண்டும்.