மேயோ தாத்தா ‘டோஸ்’ என்றால் மருந்துச் சீட்டைத் தேடாதீர்கள்

அயர்லாந்தின் மேற்கே மேயோவில், ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸாகச் சேர்ந்த முதல் வாரம். ஒரு தாத்தா, “ஐ ஹேவ் எ பேட் டோஸ்” என்றார். எனக்குக் கை கால் ஓடவில்லை. யார் எந்த மாத்திரையை அதிகமாகக் கொடுத்தார்கள் என்று சார்ட்டை வரி வரியாகப் பார்த்தேன். விஷயம் என்னவென்றால், அவருக்குக் கடுமையான சளி. அந்த ஊரில் ‘டோஸ்’ என்றால் பிடித்திருக்கும் நோய்.

இங்கே வேலைக்கு வரும் தங்கைகளே, தெரிந்த சொல்லைத்தான் முதலில் சந்தேகப்படுங்கள். புரியாத சொல்லை நாமே கேட்டுவிடுவோம். புரிந்த மாதிரி இருப்பதுதான் காலை வாரும். ‘ஹாட் பிரஸ்’ இஸ்திரிப் பெட்டி இல்லை, வெந்நீர்த் தொட்டியை ஒட்டித் துணி வைக்கும் அலமாரி. ‘மெசேஜஸ்’ கடைச் சாமான். ‘கிவ்விங் அவுட்’ திட்டுவது. ஒரு பாட்டி என்னை ‘போல்டு’ என்றதும் நன்றி சொன்னேன். அடங்காத பிள்ளை என்று அர்த்தமாம். ‘ஈவினிங்’ மதியச் சாப்பாடு முடிந்ததுமே தொடங்கிவிடும். மகள் ஈவினிங் வருகிறாள் என்றால், இரண்டு மணிக்கே பாட்டிக்குத் தலை வாரிவிடுங்கள்.

பார்க்க வந்தவர்கள் “ஹீ ஹாஸ் ஃபெயில்ட்” என்றால் உடனே எடை பாருங்கள். ஆள் இளைத்துத் தளர்ந்துவிட்டார் என்கிறார்கள். வலிக்கிறதா என்று கேட்டால் ‘கிராண்ட்’ என்பார்கள், நன்றாக இருக்கிறேன் என்று அர்த்தம். அதை மட்டும் நம்பிவிடாதீர்கள், முகத்தைப் பாருங்கள்.

மிக முக்கியமானது இது: “ஐ ஆம் ஆஃப்டர் டேக்கிங் த டேப்லெட்” என்றால் மாத்திரை வேண்டும் என்று கேட்கவில்லை, இப்போதுதான் போட்டேன் என்கிறார். ஐரிஷ் மொழியின் வாக்கிய அமைப்பு அப்படியே ஆங்கிலத்துக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது. சார்ட்டைப் பார்க்காமல் இன்னொன்று கொடுத்துவிடாதீர்கள். அந்த மொழியில் ஆம், இல்லை என்பதற்குத் தனிச்சொல்லும் கிடையாது. அதனால் ‘சாப்பிட்டீர்களா’ என்றால் “ஐ டிட்” என்பார்கள். நாம் ‘சாப்பிட்டேன்’ என்பதில்லையா, அதே கதைதான்.

வாய் திறக்காதவர்களிடம் உடம்பைப் பற்றிக் கேட்காதீர்கள். வீட்டுக்குக் கரண்ட் எப்போது வந்தது என்று கேளுங்கள். கிராமங்களுக்கு மின்சாரம் கொடுக்கும் திட்டம் 1946-இல்தான் தொடங்கியது, விளக்கு வெளிச்சத்தில் வளர்ந்தவர்கள் நிறைய. இல்லையென்றால் ‘டர்ஃப்’ பற்றிக் கேளுங்கள்: சதுப்பு நிலத்து மக்கிய மண்ணை ‘ஷ்லான்’ என்ற மண்வெட்டியால் கட்டி கட்டியாக வெட்டி, காயவைத்து, அடுப்பெரிப்பது. ‘மெஹல்’ பற்றியும் கேட்கலாம்: இன்றைக்கு உன் நிலம், நாளைக்கு என் நிலம் என்று அக்கம்பக்கத்தார் கூலியில்லாமல் கூடிச் செய்யும் வேலை.

மாதக்கணக்கில் என்னிடம் பேசாத ஒரு தாத்தாவிடம் ‘ஃபுட்டிங்’ என்றால் என்ன என்று கேட்டேன். டீத்தட்டில் இருந்த பிஸ்கட்டுகளை எடுத்து, ஈர டர்ஃப் கட்டிகளைக் காற்றுப் படும்படி நிறுத்துவதுபோல், ஒன்றோடொன்று சாய்த்து நிறுத்திக் காட்டினார். ஒன்று சரிந்தது. நான்தான் மேசையை ஆட்டினேன் என்று திட்டினார்.