டிரான்ஸ்ஃபார்மரைத் தரைக்குக் கீழே இறக்குவதற்கு முன்: இடம் ஒதுக்குவதில் நடக்கும் தவறுகள்

கட்டட வரைபடத்தின் பின்மூலையில், படிக்கட்டுக்கும் தண்ணீர்ச் சம்புக்கும் நடுவே, இரண்டு மீட்டருக்கு இரண்டு மீட்டரில் ஒரு கட்டம். உள்ளே 'டி.ஆர்.' என்று எழுதியிருக்கும். சேலத்தில் என் மேசைக்கு வரும் வரைபடங்களில் பெரும்பாலானவை இப்படித்தான். கார், லிஃப்ட், ஜெனரேட்டர் எல்லாவற்றுக்கும் ஒதுக்கிய பிறகு எது மிஞ்சுகிறதோ அது டிரான்ஸ்ஃபார்மருக்கு. இப்போது அந்த மூலையும் மிஞ்சுவதில்லை. அதனால் புதிதாக ஒரு கேள்வி வருகிறது: "மேல இடம் இல்லைன்னா குழி எடுத்து உள்ள இறக்கிடலாங்களா சார்?"

இறக்கலாம். நியூயார்க்கில் நடைபாதையின் இரும்புச் சல்லடைகளுக்குக் கீழே வரிசையாக டிரான்ஸ்ஃபார்மர் அறைகள் உண்டு. பெங்களூரு மல்லேஸ்வரத்தில் 2023-இல் ஒன்றை நிலத்துக்குள் அமைத்தார்கள். சேலத்தின் செவ்வாய்ப்பேட்டை, அம்மாப்பேட்டைத் தெருக்களின் அகலத்தைப் பார்த்தவர்களுக்கு இந்த ஆசை புரியும். 11 கே.வி. (11,000 வோல்ட்) வரையிலான உயரழுத்தக் கம்பி கட்டடத்திலிருந்து பக்கவாட்டில் 1.2 மீட்டராவது தள்ளிப் போக வேண்டும். அதற்கு மேல் 33 கே.வி. வரை 2 மீட்டர். பால்கனியை எட்டி நீட்டிக் கட்டிய தெருவில் அந்த இடைவெளிக்கு எங்கே போவது? ஆனால் மேலே இல்லாத இடம் கீழே மட்டும் சும்மா கிடைத்துவிடும் என்று நினைப்பதிலிருந்துதான் தவறுகள் ஆரம்பிக்கின்றன.

பெட்டியின் அளவையே அறையின் அளவாக எடுப்பது

500 கே.வி.ஏ. திறனுள்ள டிரான்ஸ்ஃபார்மரை எடுத்துக்கொள்வோம். எடை ஏறக்குறைய 2 டன். பெட்டி இரண்டு மீட்டர் கட்டத்துக்குள் அடங்கிவிடும், சரி. ஆனால் கதவு திறக்க வேண்டும், பேனல் (சுவிட்சுகள் உள்ள பெட்டி) முன்னால் ஆள் நிற்க வேண்டும், கேபிள் உள்ளே வர வேண்டும். பேனலுக்கு முன்னால் 1 மீட்டர் காலியிடம் கட்டாயம். பின்னால் விடும் இடைவெளி ஒன்று 20 சென்டிமீட்டருக்குக் குறைவாக இருக்க வேண்டும், அல்லது 75 சென்டிமீட்டருக்கு மேல் இருக்க வேண்டும் என்கிறது விதி. முதலில் படித்தபோது எனக்கு இது வேடிக்கையாக இருந்தது. யோசித்தால் சரிதான்: நடுவே ஓர் அளவை விட்டால் ஆள் உடம்பைத் திணித்து உள்ளே போய்விடுவான், அவசரத்தில் வெளியே வர முடியாது. கருவியின் தலைக்கு மேல் உத்திரத்தின் அடிவரை 1.2 மீட்டர் விடச் சொல்கிறது தேசியக் கட்டட விதித்தொகுப்பு.

எல்லோரும் மறப்பது கேபிளின் வளைவை. மூன்று கோர் (உள்கம்பி), 240 சதுர மில்லிமீட்டர், 11 கே.வி. கேபிள் கிட்டத்தட்ட 7 சென்டிமீட்டர் தடிமன். அதன் விட்டத்தைப்போல் 12 முதல் 15 மடங்கு ஆரத்தில்தான் அதை வளைக்கலாம். அதாவது ஒரு மீட்டரை ஒட்டிய ஆரம். தெருவில் 90 சென்டிமீட்டர் ஆழத்தில் வரும் கேபிள் சுவரைத் துளைத்து உள்ளே வந்து, கீழே இறங்கி, மறுபடி மேலே ஏறி டெர்மினேஷனுக்கு (கேபிள் முனை இணைப்பு) போக வேண்டும். இடமில்லாத அறையில் நாலு பேர் சேர்ந்து அதை மடக்கித் திருகுவதைப் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு ஒன்றும் ஆகாது. பிறகு ஒரு நாள் அந்த வளைவிலோ டெர்மினேஷனிலோ பட்டென்று போகும்.

இதையெல்லாம் கூட்டினால் அந்த 2×2 கட்டம் 4.5×3.5 மீட்டர் அறையாகிறது. உயரம் 3 மீட்டர்.

உள்ளே போகும் வழியை மட்டும் யோசிப்பது

ஓமலூர் ரோடு பக்கம் ஒரு கடைக் கட்டடம். தளம் போடுவதற்கு முன்பே டிரான்ஸ்ஃபார்மரைக் கீழே இறக்கி வைத்தார்கள். வேலை சுலபமாக முடிந்தது. அப்புறம் மேலே கான்கிரீட் தளம், அதற்கு மேல் கிரானைட், அதற்கு மேல் வாடகைக்கு ஒரு ஜூஸ் கடை. இறங்கிப் பார்க்க ஓர் ஆள் நுழையும் துளை மட்டும் இருந்தது. ஒரு மே மாதம் வைண்டிங் (உள்ளே இருக்கும் கம்பிச்சுருள்) போயிற்று. புதியது தயார், வண்டியும் வாசலில். பழையதை எடுக்க வழியில்லை. தளத்தை உடைக்க முடிவெடுக்கவே இரண்டு நாள் ஆனது. உடைக்கும்போது பார்த்தால் நடுவில் ஓர் உத்திரம் போகிறது. கடைகள் பதினொரு நாள் ஜெனரேட்டரில் ஓடின. அந்த டீசல் கணக்கை உரிமையாளர் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

டிரான்ஸ்ஃபார்மர் என்றாவது வெளியே வந்தாக வேண்டிய பொருள். அதனால் மேல்மூடித் திறப்பு அதன் நீள அகலத்தைவிடச் சுற்றிலும் அரை அடியாவது கூடுதலாக வேண்டும். திறப்பு டிரான்ஸ்ஃபார்மரின் நேர் மேலே வர வேண்டும். ஓரமாக வந்தால் 2 டன்னைக் கீழேயே உருட்டி நகர்த்த வேண்டியிருக்கும். ஹைட்ரா கிரேன் வந்து நிற்க இடம் வேண்டும், அதன் கை உயர மேலே வானம் வேண்டும். கீழ்த்தளத் திட்டத்தை ஒருவரும் முகப்பு வரைபடத்தை இன்னொருவரும் பார்ப்பதால், திறப்புக்கு மேலே பெயர்ப்பலகையோ பால்கனியோ வந்து உட்கார்ந்துகொள்ளும். இரண்டு வரைபடத்தையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பாருங்கள். மூடியின் மேல் தீயணைப்பு வண்டி ஏறும் வாய்ப்பிருந்தால் அந்தப் பாரத்துக்கே வடிவமைக்க வேண்டும். "கார்தானே நிற்கும்" என்று கணக்குப் போடக்கூடாது.

காற்றுக்கு ஒரு சல்லடை போதும் என்று விடுவது

500 கே.வி.ஏ. உலர் வகை (எண்ணெய் இல்லாமல் காற்றால் குளிரும்) டிரான்ஸ்ஃபார்மர் முழுச் சுமையில் ஓடும்போது ஏறக்குறைய 7 கிலோவாட் வெப்பத்தைத் தள்ளும். மூடிய அறைக்குள் மூன்று கீசர்களை நாள் முழுக்கப் போட்டு வைத்த மாதிரி. இயற்கைக் காற்றோட்டத்துக்குத் தயாரிப்பாளர்கள் ஓர் எளிய கணக்குத் தருகிறார்கள்: வெப்பத்தைக் கிலோவாட்டில் எடுத்து 0.18-ஆல் பெருக்கி, கீழ்த்திறப்புக்கும் மேல்திறப்புக்கும் உள்ள உயர வித்தியாசத்தின் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும். வித்தியாசம் 2.5 மீட்டர் என்றால் உள்வரும் திறப்பு 0.8 சதுர மீட்டர். வெளியேறும் திறப்பு அதைவிடப் பத்து சதவீதம் பெரிது. இது காற்று போகும் வெற்றிடத்தின் அளவு. கம்பியும் வலையும் அடைப்பதைத் தனியாகச் சேர்க்க வேண்டும்.

'உயர வித்தியாசம்' என்ற சொல்லில்தான் விஷயமே இருக்கிறது. நிலத்தடி அறையில் இரண்டு சல்லடைகளையும் தரைமட்டத்திலேயே வைத்துவிடுகிறார்கள். வித்தியாசம் பூஜ்யம். மேலேயே காற்று உலாவிவிட்டுப் போகும், அடியில் சூடு அப்படியே நிற்கும். குளிர்ந்த காற்று அறையின் அடிவரை இறங்கத் தனியாக ஒரு காற்றுக்குழாய் கட்ட வேண்டும். அதற்கும் இடம் வேண்டும். சேலத்தில் ஏப்ரல், மே மாதங்களில் வெளிக்காற்றே 40 டிகிரியை எட்டும்போது இயற்கைக் காற்றை மட்டும் நம்ப நான் தயாரில்லை, மின்விசிறியும் வைக்கச் சொல்வேன். அப்படியும் ஒரு நாள் கடைக்காரர், குப்பை விழுகிறது என்று சல்லடைமேல் பழைய ஃபிளெக்ஸை விரித்து மூடிவிடுவார். சல்லடை நடக்கும் இடத்தில் இல்லாமல் சுவரோரமாக உயர்ந்து நின்றால் இந்தத் தொல்லை பாதி குறையும்.

ஏற்காட்டில் விடுதி கட்டுபவர்களுக்கு ஒரு வார்த்தை. குளிர்தானே என்று காற்றைக் குறைக்காதீர்கள். வழக்கமான டிரான்ஸ்ஃபார்மர்கள் 1000 மீட்டர் உயரம் வரைக்கும்தான் கணக்கிடப்பட்டவை. ஏற்காடு ஏறக்குறைய 1500. காற்று மெல்லியதாக இருப்பதால் சூட்டை எடுக்கும் திறனும் மின்காப்புத் திறனும் குறையும். ஆர்டர் கொடுக்கும்போதே உயரத்தைச் சொல்லிவிட வேண்டும்.

பாறையை நம்பித் தண்ணீரை மறப்பது

"அடியில பாறைங்க, தண்ணி வராது" என்று பொக்லைன்காரர் சொல்வார். பாறைதான் பிரச்சினை. பிரேக்கர் வைத்துக் குடைந்த குழிக்குள் கான்கிரீட் பெட்டி கட்டி, சுற்றியுள்ள சந்தில் மண்ணைத் தள்ளுகிறோம். மழை பெய்தால் தண்ணீர் அந்த மண்ணில் இறங்கும், பாறை உறிஞ்சாது. குழி ஒரு தொட்டியாகிவிடும், நம் பெட்டி தொட்டிக்குள் நிற்கும் இன்னொரு பெட்டி. வெளியளவு 5×4×3.5 மீட்டர் என்றால் தண்ணீர் விளிம்புவரை ஏறும்போது 70 டன் விசை அதை மேலே தூக்கும். 25 சென்டிமீட்டர் சுவரும் தளமும் போட்டால் கான்கிரீட்டின் எடை சுமார் 57 டன்தான். டிரான்ஸ்ஃபார்மர் இன்னும் 2 டன். மிச்சத்தை நீங்களே கழித்துக்கொள்ளுங்கள். அடித்தளத்தைச் சுவருக்கு வெளியே நீட்டி அதன்மேல் மண்பாரம் ஏற்றுவார்கள், அல்லது தளத்தைத் தடிமனாக்குவார்கள். நீட்டுவதற்கும் மனையில் இடம் வேண்டுமே. எல்லைச் சுவரை ஒட்டிக் குழி குறித்த வரைபடத்தில் அது இருக்காது.

சேர்வராயன் மலையில் கனமழை என்றால் திருமணிமுத்தாறு நிரம்புகிறது. கிச்சிப்பாளையம், பச்சப்பட்டி, நாராயண நகர்க்காரர்களுக்கு அந்த இரவுகள் தெரியும். அந்தப் பக்கங்களில் நிலத்தடி அறையே வேண்டாம் என்பது என் கருத்து. மற்ற இடங்களில் சம்ப் பம்பு கட்டாயம். பம்புக்கு மின்சாரம் எங்கிருந்து? அதே டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து கொடுத்துவிடுகிறார்கள். மழையில் சப்ளை போனால் பம்பும் நின்றுவிடும்.

வகையைத் தேர்ந்தெடுப்பதிலும் இதே இழுபறிதான். வழக்கமான எண்ணெய் டிரான்ஸ்ஃபார்மரைக் குடியிருப்பு, வணிகக் கட்டடங்களுக்குள் வைக்க விதி இடம் தருவதில்லை; காரணம் தீ. உலர் வகைக்குத் தண்ணீர் ஆகாது. கட்டடத்தை விட்டு விலகிய குழிக்கு, 300 டிகிரிக்கு மேல்தான் தீப்பிடிக்கும் எஸ்டர் திரவத்தை நிரப்பி, நீரில் மூழ்கினாலும் தாங்கும்படி முழுக்க அடைத்த தொட்டி வகை நல்லது, விலை கூடுதல். எந்தத் திரவமானாலும் கசிந்தால் தேங்க ஒரு பள்ளம் வேண்டும். பம்பு அதைச் சாக்கடைக்கு இறைத்துவிடாமல் எண்ணெய் உணரும் சுவிட்சும் வேண்டும்.

சின்னதாகத் தெரிபவை

அறைக்கு மேலே கழிப்பறையோ சமையலறையோ வரக்கூடாது, குறுக்கே தண்ணீர்க்குழாய் போகக்கூடாது. பல அடுக்கு அடித்தளமாக இருந்தால் கடைசி அடுக்கில் வைக்காதீர்கள்.

எர்த் குழிகளை வரைபடத்தில் குறிப்பதே இல்லை. டிரான்ஸ்ஃபார்மரின் நியூட்ரல் முனைக்குத் தனித்தனியாக இரண்டு, அதன் உலோக உடலுக்கு இரண்டு இணைப்புகள் தேவை. கம்பிகளை நெருக்கி நட்டால் பலன் குறையும். பாறை மண்ணில் மின்தடை அதிகம் என்பதால் கூடுதலாகவே நட வேண்டி வரும்.

ஆர்.எம்.யூ. எனும் உயரழுத்தச் சுவிட்சுப் பெட்டியில் மின்காப்புக்கான எஸ்.எஃப்.6 வாயு இருந்தால், அது காற்றைவிட ஐந்து மடங்கு கனம். கசிந்தால் குழியின் அடியில் தேங்கி மூச்சை அடைக்கும். இறங்குமுன் காற்றைச் சோதிக்க வேண்டும், மேலே ஒருவர் நிற்க வேண்டும், தரையை ஒட்டி உறிஞ்சும் விசிறி வேண்டும். நடைபாதை உங்கள் இடம் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். மாநகராட்சியிடம் கேட்காமல் குழியின் ஒரு விளிம்பைக்கூட அங்கே நீட்டாதீர்கள்.

ஃபேர்லேண்ட்ஸில் போன மாதம் அந்த 2×2 வரைபடத்தோடு வந்தவரிடம் இவ்வளவையும் உட்கார்ந்து கணக்குப் போட்டுக் காட்டினேன். பாறை உடைக்கும் கூலியில் வந்ததும் அவரே நிறுத்தச் சொன்னார். முன்பக்கம் தரைக்கு மேலேயே பீடம் போட்டு வைக்கிறோம். இரண்டு கார் நிறுத்தும் இடம் போகிறது. ஹைட்ரா நுழைய கேட்டை நாலு மீட்டராக்கியிருக்கிறோம்.