நிக்கல் தொடுமுனையில் காந்தமின்தடை: அளக்கும் முன் கம்பியை ஒட்டுங்கள்

காட்பாடியில் முதுநிலை இயற்பியல் மாணவர்களுக்கு நான் ஒவ்வோர் ஆண்டும் கொடுக்கும் செய்முறை இது. இரண்டு நிக்கல் கம்பிகள் சில நானோமீட்டர் அகலத்தில் மட்டும் தொட்டுக்கொண்டிருந்தால், காந்தப்புலத்தில் அந்தத் தொடுமுனையின் மின்தடை எவ்வளவு மாறும்? 1999இல் மாட்ரிட்டில் நிக்கோலாஸ் கார்சியாவின் குழு, அறை வெப்பநிலையிலேயே 200 சதவீதத்துக்கு மேல் என்று அறிவித்தது. 2003இல் அமெரிக்காவின் பஃபலோவிலிருந்து ஒரு லட்சம் சதவீதம் என்ற எண் வந்தது. 2004இல் எகல்ஹாஃபும் உடன் ஆய்வாளர்களும் கவனமாகச் சோதித்துவிட்டு, கம்பிகளின் நுண்ணிய அசைவே இத்தகைய எண்களைத் தருகிறது என்றார்கள். உங்களுக்கும் பெரிய எண் கிடைக்கும். அது எங்கிருந்து வந்தது என்று காட்டும் மாணவருக்கே நான் முழு மதிப்பெண் தருகிறேன்.

முதலில் சாதாரணக் கம்பியில் கை பழகட்டும். 0.1 மில்லிமீட்டர் தடிமனுள்ள நிக்கல் கம்பியில் 10 சென்டிமீட்டர் எடுத்து, மடிப்புகள் ஒன்றையொன்று தொடாதபடி ஓர் அட்டையில் இரண்டிரண்டு சென்டிமீட்டராக முன்னும் பின்னும் மடக்கி ஒட்டுங்கள். மின்தடை ஏறத்தாழ 0.9 ஓம் இருக்கும். மின்னோட்டத்துக்கு இரண்டு இணைப்பு, மின்னழுத்தத்துக்குத் தனியாக இரண்டு இணைப்பு கொடுத்து 100 மில்லிஆம்பியர் செலுத்துங்கள். ஹால் விளைவு செய்முறைக்கு வைத்திருக்கும் மின்காந்தமே போதும். ஆனால் புலம் 0.3 டெஸ்லாவைத் தாண்ட வேண்டும். கம்பி புலத்துக்கு இணையாக இருக்கும்போது மின்தடை கூடும், குறுக்காகத் திருப்பினால் குறையும். வித்தியாசம் 2 சதவீதம் அளவில், அதாவது 2 மில்லிவோல்ட்டுக்குச் சற்றுக் குறைவாக வரும். 1850களிலேயே வில்லியம் தாம்சன் இரும்பிலும் நிக்கலிலும் கண்டது இதுதான்.

இங்கே வேலூர் வெயிலைக் கணக்கில் எடுத்தே ஆக வேண்டும். நிக்கலின் மின்தடை ஒரு டிகிரி செல்சியஸுக்கு 0.6 சதவீதம் அளவுக்கு ஏறும். அக்னி நட்சத்திர நாளில் அறை மூன்று, நான்கு டிகிரி சூடேறினால் நீங்கள் தேடும் மாற்றம் முழுவதும் அதில் மூழ்கிவிடும். ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, இணை, குறுக்கு, மறுபடி இணை என்று மாற்றி மாற்றி அளவெடுங்கள். ஒவ்வொரு முறையும் மின்னோட்டத்தைத் திருப்பிச் செலுத்திச் சராசரி பார்த்தால் இணைப்புகளில் உண்டாகும் வெப்ப மின்னழுத்தமும் நீங்கும்.

அடுத்தது தொடுமுனை. கண்ணாடித் துண்டின்மேல் ஒரு கம்பியைக் கிடையாக ஒட்டி, இன்னொன்றின் கூர்முனையை அதற்குச் செங்குத்தாக, முடியிழை அளவே இடைவெளி விட்டு ஒட்டுங்கள். இடைவெளியில் நிக்கல் சல்பேட்டும் போரிக் அமிலமும் கலந்த கரைசலை ஒரு சொட்டு விட்டு, ஒன்றரை வோல்ட் மின்கலத்தை 10,000 ஓம் மின்தடையாக்கி வழியாக இணையுங்கள். கூர்முனை மின்கலத்தின் எதிர்முனையோடு (−) சேர வேண்டும். அங்கே நிக்கல் படிந்து படிந்து எதிர்க்கம்பியைத் தொடும். தொட்டவுடன் மின்னழுத்தம் விழுந்து வளர்ச்சி தானாகவே தளர்ந்துவிடும். 100 முதல் 500 ஓம் வரை நின்றால் போதும். ஒரேயொரு மின்கடத்தும் பாதைக்கு 12,900 ஓம் என்பது இயற்கை விதித்த அளவு. ஆகவே 100 ஓம் என்றால் நூற்றுச் சொச்சம் பாதைகள், சில நானோமீட்டர் அகலம். கையுறை அணியுங்கள். மீந்த கரைசலைக் கழிவுநீர்த் தொட்டியில் ஊற்றாமல் புட்டியில் சேர்த்து வையுங்கள். ராணிப்பேட்டையின் குரோமியக் கழிவால் பாலாற்றுப் படுகை பட்டது போதும்.

இவ்வளவு சிறிய இடத்தில் என்ன எதிர்பார்க்கிறோம்? இருபுறமும் காந்தத்திசை எதிரெதிராக இருந்தால், நடுவிலுள்ள மாறுதல் பகுதி, அதாவது காந்தச் சுவர், தொடுமுனையின் அகலத்துக்கே சுருங்கிவிடும் என்று 1999இல் புரூனோ கணக்கிட்டுக் காட்டினார். எலக்ட்ரான் தன் தற்சுழற்சியைத் திருப்பிக்கொள்ள இடமின்றி அங்கே சிதறும். அழகான கருத்து, எனக்கு மிகவும் பிடித்ததும்கூட.

ஆனால் நிக்கல் காந்தமாகும்போது நீளத்தில் பத்து லட்சத்தில் 34 பங்கு சுருங்கும். ஒட்டாமல் விட்ட கம்பி ஒரு மில்லிமீட்டர் இருந்தால் சுருக்கம் 34 நானோமீட்டர். நூறு நிக்கல் அணுக்களை வரிசையாக அடுக்கினாலும் அந்த நீளம் வராது. தொடுமுனையே சில நானோமீட்டர்தான் என்பதால் அது கிழியலாம், அழுந்தலாம். புலத்தின் திசையை நேரெதிராக்கினாலும் சுருக்கம் அப்படியே இருப்பதால் வரைபடம் ஒழுங்காக, நம்பும்படி வரும். கம்பிகள் ஒன்றையொன்று இழுப்பது வேறு.

ஆகவே அரால்டைட்டை முனை வரைக்கும் கொண்டுவந்து ஒட்டுங்கள். பிறகு இன்னொரு கண்ணாடித் துண்டில் அதே நிக்கல் கம்பிகளை வைத்து, தொடுமுனையை மட்டும் தாமிர சல்பேட் கரைசலில் தாமிரத்தால் வளர்த்துப் பாருங்கள். தாமிரத்தில் காந்தச் சுவர் கிடையாது. அங்கேயும் மின்தடை அதே அளவு துள்ளினால் துள்ளுவது கம்பிதான். இந்தச் சோதனையைச் செய்யாத பதிவேட்டில் நான் கையெழுத்திடுவதில்லை.

சதவீதத்தை எதனால் வகுத்தீர்கள் என்றும் எழுதுங்கள். 10 ஓம் 1,000 ஓம் ஆனால், சிறியதால் வகுத்தால் 9,900 சதவீதம், பெரியதால் வகுத்தால் 99. இரண்டு ஓம் அளவுகளையும், ஒட்டாமல் விட்ட கம்பியின் நீளத்தையும் வரைபடத்தின் ஓரத்திலேயே குறித்துவிடுங்கள்.