பிரெஞ்சுக் கனடிய வம்சாவளி தேடுவது எப்படி? குடும்பப் பெயரை மட்டும் நம்பாதீர்கள்!

கனடாவில் பிரெஞ்சு பேசும் கியூபெக் மாகாணத்தில் பூர்வீகம் உள்ளவர்கள் வம்சாவளி தேடுவதில் கொடுத்துவைத்தவர்கள். 1621 முதல் கத்தோலிக்கப் பங்குகளில் (ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட பகுதிகளில்) எழுதிவைத்த ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவேடுகள் பெரும்பாலும் பத்திரமாக இருக்கின்றன. 1640இல் கியூபெக் நகரத் தேவாலயம் எரிந்தபோது தொடக்ககாலப் பதிவேடு சாம்பலானது. அதை நினைவிலிருந்து திரும்ப எழுதினார்கள். பிற்பாடு இரண்டு பிரதி எழுதி, ஒன்றை நீதிமன்றத்தில் கொடுத்துவைக்கும் வழக்கம் வந்தது. ஆக, ஆவணத்துக்குப் பஞ்சமில்லை. ஆளைச் சுற்றவைப்பது பெயர்கள்தான்.

படி 1: வீட்டில் கேளுங்கள். தாத்தா, பாட்டிக்கு எந்தப் பங்கில், ஏறக்குறைய எந்த ஆண்டில் கல்யாணம் நடந்தது என்று தெரிந்தால் போதும்.

படி 2: கல்யாணத்திலிருந்து கல்யாணத்துக்குப் போங்கள். பிறந்த தேதியைத் துரத்த வேண்டாம். திருமணப் பதிவில்தான் மாப்பிள்ளை, பெண் இருவருடைய பெற்றோர் பெயரும் பொதுவாக இருக்கும். அம்மாக்களின் பெயர் பிறந்த வீட்டுப் பெயரோடு இருப்பது பெரிய வசதி. கியூபெக்கில் கல்யாணமான பெண்ணையும் பதிவேடுகளில் பிறந்த வீட்டுப் பெயரிலேயே எழுதினார்கள். 1981 முதல் சட்டமே அப்படித்தான். அந்தப் பெற்றோரின் கல்யாணத்தை அடுத்துத் தேடுங்கள், அப்புறம் அவர்களுடைய பெற்றோரின் கல்யாணம். இப்படியே மேலே ஏறலாம்.

கனடாவின் பிரதமராக இருந்த பியேர் ட்ரூடோவின் தந்தைவழியில் ஏறினால், பிரான்சின் லா ரோஷெலிலிருந்து 1659இல் வந்த தச்சர் எத்தியென் ட்ருட்டோவில் போய் நிற்கும். அவர் 1667இல் மான்ட்ரியாலில் மணந்த பெண் அட்ரியென் பார்பியே. ட்ரூடோ, ட்ருட்டோ இரண்டும் ஒரே குடும்பம்தான். பாதிரியார் காதில் விழுந்தபடி எழுதுவார். அதனால் உச்சரிப்பு ஒத்துப்போகும் எல்லா எழுத்துக்கூட்டலையும் போட்டுத் தேடுங்கள்.

படி 3: ‘டி’ வந்தால் நிதானம். இங்கேதான் புதியவர்கள் வழி தவறுவார்கள். பெயருக்கு நடுவே ‘டி’ (dit) என்று வந்தால் ‘என்று அழைக்கப்படும்’ என்று பொருள். பின்னால் வருவது பட்டப்பெயர். 1665இல் வந்த கரிஞான்-சாலியேர் என்ற பிரெஞ்சுப் படைப்பிரிவின் சிப்பாய்களிடம் இது சகஜம். லாஃப்ளர் என்றால் பூ, சான்சூசி என்றால் கவலையில்லாதவன், த்ரான்ஷ்மொந்தாஞ் என்றால் மலையையே வெட்டுகிறவன். சிப்பாய்க்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்!

சிக்கல் அடுத்த தலைமுறைகளில் வரும். ஒரு மகன் பழைய பெயரை வைத்துக்கொள்வான், தம்பி பட்டப்பெயரை எடுத்துக்கொள்வான். 1900இல் லெவி நகரில் மக்கள் கூட்டுறவு வங்கியைத் தொடங்கிய அல்போன்ஸ் டெஜார்டானின் அப்பா, பதிவில் ‘ருவா டி டெஜார்டான்’. அம்மா ‘மிவில் டி டெஷேன்’. டெஜார்டான் என்று மட்டும் தேடினால் பாதி உறவு கண்ணிலேயே படாது. ஆள் திடீரென்று காணாமல் போனால், அவர் சாகவில்லை, பெயரை மாற்றிக்கொண்டார் என்றே முதலில் சந்தேகப்படுங்கள்.

படி 4: முதல் பெயரில் ஏமாறாதீர்கள். ஆண் குழந்தை என்றால் ஜோசப், பெண் என்றால் மரி என்று முன்னால் சேர்ப்பது வழக்கம். ட்ரூடோவின் முழுப்பெயரே ஜோசப் ஃபிலிப் பியேர் ஈவ் எலியட் ட்ரூடோதான். ஒரே வீட்டில் நாலு ஜோசப் இருந்தால் கூப்பிடும் பெயரைப் பின்னால் தேடுங்கள்.

படி 5: எல்லை தாண்டியவர்கள். லோவல் போன்ற அமெரிக்கப் பஞ்சாலை நகரங்களுக்குப் பிழைக்கப் போனவர்களில் சிலர் பெயரை மொழிபெயர்த்தே மாற்றிக்கொண்டார்கள். லெப்லான் ஒயிட் ஆனார், புவாவேர் கிரீன்வுட் ஆனார்.

எங்கே தேடுவது? ஃபேமிலிசர்ச் (FamilySearch) என்ற வம்சாவளித் தளத்தில் கியூபெக் பங்குப் பதிவேடுகளின் படங்கள் இலவசம். கணக்கு தொடங்கினால் போதும். மான்ட்ரியால் பல்கலைக்கழகம் 1966இல் தொடங்கிய பி.ஆர்.டி.எச். (PRDH) என்ற வரலாற்று மக்கள்தொகை ஆய்வுத் திட்டம் பதிவுகளைக் குடும்பம் குடும்பமாகச் சேர்த்துவைத்திருக்கிறது. முழு விவரத்துக்குக் கட்டணம் உண்டு. என்னைக் கேட்டால் கொடுக்கலாம். ஆனாலும் மூலப் பதிவின் படத்தை ஒரு தடவை கண்ணால் பார்த்துவிடுங்கள்.

முதலில் கப்பலேறி வந்தவரின் திருமணப் பதிவில் பிரான்சிலுள்ள சொந்த ஊரும் பங்கும் பல சமயம் இருக்கும். அந்த ஊர் எந்த மாவட்டமோ அதன் ஆவணக் காப்பகத் தளத்துக்குப் போங்கள். லா ரோஷெல் என்றால் ஷரான்ட்-மரிடிம். அங்கே புராட்டஸ்டன்ட்டுகளும் நிறையப் பேர் இருந்தார்கள். கத்தோலிக்கப் பதிவேட்டில் ஆள் அகப்படவில்லை என்றால் அவர்களுடைய பதிவேட்டையும் புரட்டிப் பாருங்கள்.