செயற்கைப் பூச்சித் தூண்டில் மரபை வட்டார அருங்காட்சியகத்தில் காக்கும் முறை

தூண்டில் முள்ளின் மேல் இறகையும் நூலையும் சுற்றி, அதை உயிருள்ள பூச்சி என்று ட்ரவுட் மீனை நம்பவைத்துப் பிடிக்கும் ஃப்ளை ஃபிஷிங் கலைக்கென்றே அமெரிக்காவில் அருங்காட்சியகங்கள் உள்ளன. வெர்மான்ட் மாநிலத்தின் மான்செஸ்டரில் 1968இல் தொடங்கப்பட்ட அருங்காட்சியகத்தின் பார்வை நாடளாவியது. நியூயார்க் மாநிலத்தின் லிவிங்ஸ்டன் மேனரில், வில்லோவீமாக் ஓடையை ஒட்டி அமைந்திருக்கும் கேட்ஸ்கில் அருங்காட்சியகமோ 1981இல் நிறுவப்பட்டு, கேட்ஸ்கில் என்னும் மலைவட்டாரத்தின் ஆறுகளையும் அவற்றில் மீன்பிடித்தவர்களின் கைத்திறனையும் காத்துவருகிறது. இத்தகைய வட்டார அருங்காட்சியகத்தில் தொண்டாற்றுவோருக்கும், குடும்பச் சொத்தாக வந்த பழைய தூண்டில் பெட்டியை அதற்கு வழங்க எண்ணுவோருக்கும் உரிய செய்முறை இது.

வட்டாரம் என்பது ஏன் முக்கியம் என்பதற்கு, கேட்ஸ்கில் பகுதியில் வாழ்ந்து தூண்டில் பூச்சிகள் கட்டிய தியடோர் கோர்டனின் வாழ்வே சான்று. 1890இல் இங்கிலாந்தின் ஃபிரடெரிக் ஹால்ஃபோர்டு அவருக்கு நீரில் மிதக்கும் ‘உலர்பூச்சி’ என்னும் செயற்கைப் பூச்சிகளை அனுப்பிவைத்தார். அவை இங்கிலாந்தின் தெளிந்து மெல்ல ஓடும் சுண்ணாம்புப் பாறை ஓடைகளுக்காகக் கட்டப்பட்டவை. பாறைகளில் மோதி விரையும் கேட்ஸ்கில் நீரோட்டத்துக்கும் அங்குள்ள பூச்சி இனங்களுக்கும் ஏற்பக் கோர்டன் அவற்றை மாற்றிக் கட்டினார். அந்த மாற்றத்தின் காரணம் ஆற்றில்தான் இருக்கிறது. அவர் வாழ்ந்த நெவர்சிங்க் பள்ளத்தாக்கின் ஒரு பகுதியோ இன்று நியூயார்க் நகரின் குடிநீர் நீர்த்தேக்கத்துக்குள் மூழ்கிக் கிடக்கிறது. ஆறே உருமாறிவிட்ட இடத்தில், அதன் பழைய இயல்பைச் சொல்லும் சான்றுகளுள் ஒரு சிறு செயற்கைப் பூச்சியும் அடங்கும்.

ஆகவே, ஒரு பெட்டி வந்து சேர்ந்தவுடன் தூசியைத் துடைப்பதற்கு முன் எழுதத் தொடங்க வேண்டும். கொடுப்பவர் எதிரில் இருக்கும்போதே, பூச்சியைக் கட்டியவர் யார், எந்த ஆற்றில் எந்த மாதத்தில் வீசப்பட்டது, எந்த உயிர்ப்பூச்சியைப் போலச் செய்யப்பட்டது என்று கேட்டு, அவர் சொன்ன சொற்களிலேயே பதிவு செய்யுங்கள். ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண் இட்டு, பெட்டிக்குள் எது எந்த அறையில் இருந்தது என்பதைப் புகைப்படமாக எடுத்துவிட்ட பிறகே ஒன்றை வெளியே எடுக்கலாம், ஏனெனில் அந்த அடுக்குமுறையே உரியவரின் மீன்பிடிப் பழக்கத்தைக் காட்டுகிறது. குறிப்பை இழந்தால் என்ன நேரும் என்பதை ஒரு திருட்டு உணர்த்தியது. 2009இல் இங்கிலாந்தின் ட்ரிங் நகரிலுள்ள இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்திலிருந்து, சால்மன் தூண்டில் பூச்சி கட்டுவோர் விரும்பும் இறகுகளுக்காக 299 பறவைத் தோல்கள் களவாடப்பட்டன. பின்னர் மீட்கப்பட்டவற்றுள் பல, அடையாளச் சீட்டு அகற்றப்பட்டிருந்ததால், ஆய்வுக்கு உரிய மதிப்பை இழந்து நின்றன.

காப்பதற்கு மிகக் கடினமானவை இந்தச் செயற்கைப் பூச்சிகளே. இறகையும் உரோமத்தையும் அந்துப்பூச்சியும் கம்பள வண்டின் புழுவும் தின்றுவிடும். செயற்கைப் பூச்சிகளைச் செருகிவைக்கக் கம்பளித் தாள்கள் வைத்த பழைய மடிப்புப் பைகள் அவற்றுக்கு விருந்து. புதிதாக வந்த பெட்டியைச் சேமிப்பறைக்குள் கொண்டுபோகாமல், காற்றை வெளியேற்றிய பாலித்தீன் உறையில் மூடி, -20 டிகிரி செல்சியஸ் குளிரில் குறைந்தது ஒரு வாரம் வைக்க வேண்டும். வெளியே எடுத்தபின் ஒரு நாள் முழுவதும் உறையைப் பிரிக்கக் கூடாது, பிரித்தால் ஈரம் இறகின் மேல் படிந்துவிடும். மெருகு பூசிய தூண்டிற்கோல்களையும் செல்லுலாய்டு என்னும் பழைய வகை பிளாஸ்டிக் பெட்டிகளையும் இந்தக் குளிரூட்டலுக்கு உட்படுத்த வேண்டாம். பழங்காலத்தில் பறவைத் தோல்களுக்கு ஆர்சனிக் தடவும் வழக்கம் இருந்ததால், கையுறை அணிவது பொருளுக்கு மட்டுமன்றி உங்களுக்கும் காப்பு. வளைந்த இறகை நீராவி காட்டி நிமிர்த்துவதும், துருப்பிடித்த முள்ளைத் தேய்த்துப் பளபளப்பாக்குவதும் விற்பனைக்கு உதவலாம், ஆனால் அருங்காட்சியகத்தில் அவை சான்றை அழிக்கும் செயல்களாகும். முள்ளுக்கு நூல் கோக்கும் கண் இருக்கிறதா, அல்லது பட்டுப்புழுவின் பட்டுச் சுரப்பியிலிருந்து இழுத்தெடுத்த நரம்பு நேரடியாகக் கட்டப்பட்டிருக்கிறதா என்பதே காலத்தைக் கணிக்க உதவும். அந்த நரம்பு காய்ந்த நிலையில் எளிதில் ஒடியும் என்பதால் அதை நிமிர்த்திப் பார்க்கக் கூடாது.

தூண்டிற்கோல்கள் பெரும்பாலும் சீனாவின் தோன்கின் மூங்கிலை ஆறு பட்டைகளாகச் சீவி ஒட்டியவை. 19ஆம் நூற்றாண்டுக் கோல்களில் கல்கத்தா மூங்கிலையும் காணலாம். சுவரில் சாய்த்து வைத்தால் கோல் நிலையாக வளைந்துவிடும். எனவே துணி உறையில் இட்டு, நேர்த்தட்டில் முழுநீளமும் தாங்குமாறு கிடத்துவது நல்லது. இறுகிய உலோக இணைப்பைத் திருகிப் பிரிக்க முயலாதீர்கள். கோலின் மேல் கைப்பட எழுதிய பெயரும் எண்ணும் பழைய மெருகின் அடியில் இருக்கக்கூடும் என்பதால் புதிய மெருகு பூசவே கூடாது. பட்டு இழைத் தூண்டில் கயிறு, அதைச் சுற்றிவைக்கும் ராட்டையில் (ரீல்) இறுகச் சுற்றியபடியே கிடந்தால் ஈரத்தைப் பிடித்துவைத்து உலோகத்தை அரிக்கும். அதைப் பொறுமையாகப் பிரித்து, அமிலமற்ற அட்டையில் அகன்ற வளையங்களாகச் சுற்றி, ராட்டையின் எண்ணையே அதற்கும் இட வேண்டும்.

காட்சிக்கு வைக்கும்போது பட்டு, இறகு, சாயம் ஆகியவற்றின் மேல் விழும் ஒளி 50 லக்ஸை (ஒளியை அளக்கும் அலகு) தாண்டக் கூடாது. மங்கிய நிறம் திரும்பி வராது. எனவே ஒரே பூச்சித் தொகுதியை ஆண்டு முழுவதும் வைக்காமல் சில மாதங்களுக்கு ஒருமுறை மாற்றி அடுக்குவதே அறிவுடைமை. விளக்க அட்டையில் பெயரோடு நிறுத்திவிட வேண்டாம். குவில் கோர்டன் என்னும் பூச்சிக்கு அருகில், வசந்தத்தின் தொடக்கத்தில் குளிர்ந்த ஓடையிலிருந்து எழும் மேஃப்ளை என்னும் பூச்சியின் ஓர் இனத்தை அது போன்மை செய்கிறது என்று எழுதி, அந்த மேஃப்ளையின் படத்தையும் வைத்தால், வருவோர் நீரோட்டத்தையே கண்முன் காண்பர்.

பொருளை ஏற்கும் முன் எழுத்துமூலமான கொடைப்பத்திரம் பெறுவதும் சட்டத்தைப் பார்ப்பதும் கட்டாயம். புலம்பெயர் பறவைகளைக் காக்கும் 1918ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டம், அத்தகைய பறவைகளின் இறகை உரிமமின்றி வைத்திருப்பதையே பொதுவாகத் தடுக்கிறது.

கடைசியாக, கைகளையும் சேகரியுங்கள். ரூபன் கிராஸ் என்பவர் பூச்சி கட்டும் நுட்பத்தைக் கற்றுத்தர மறுத்தபோது, ரோஸ்கோ ஊரின் வால்ட் டெட்டி, லிவிங்ஸ்டன் மேனரின் ஹாரி டார்பி போன்றோர் அவருடைய பூச்சிகளைச் சுற்றுச் சுற்றாக அவிழ்த்துக் கற்றுக்கொண்டார்கள். அருங்காட்சியகத்துப் பூச்சியை நாம் அப்படி அவிழ்க்க முடியாது. ஆகவே, வட்டாரத்தில் இன்றும் பூச்சி கட்டும் முதியவர் ஒருவரை அழைத்து, அவர் விரல்கள் தெளிவாகத் தெரியுமாறு தோளுக்குப் பின்னாலிருந்து படம்பிடியுங்கள். நூலை எந்தப் பக்கம் இழுக்கிறார், இறகின் எந்தப் பகுதியை ஒதுக்குகிறார் என்பதை அவர் வாயாலேயே சொல்லவையுங்கள். அன்று அவர் கட்டிய பூச்சிக்கும் அந்தப் படப்பதிவுக்கும் ஒரே எண்ணை இட்டு, பதிவின் இரண்டாம் படியை வேறொரு கட்டடத்தில் வையுங்கள்.